பகவதியக்காவின் கடிதம்

அலுவலகத்தில் அத்தனை பேரும் வேலை செய்வது எங்கோ தொலைவில் இருக்கும் ஒரே சர்வரில். அதில் புதிய மென்பொருளை ஏற்ற வேண்டுமென்றால் எல்லோரும் அதிலிருந்து வெளியேற வேண்டும். அதற்காக வந்திருந்த பெனட் சொன்னதும், பதினோரு பேரும் வெளியேறிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சர்வரில் இருப்பவர்களின் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் போகவில்லை. பகவதி.

“அக்கா தவறி மூணு வருஷமாச்சு,” என்றார் மேனேஜர் சிவதாணு. “அடிச்சிட்டிருந்த கடிதம் பாதியில நிக்குது. சேவ் பண்ணல. அதான் அன்னையிலேர்ந்து சர்வரை நிறுத்தவே விடல.”

“நானே திறந்து சேவ் பண்ணிடறேன் சார்.”

அடுத்தவர் திரையைப் பார்க்க அவருடைய அனுமதி வேண்டும். அரை நிமிடம் பதில் இல்லையென்றால் தானாகவே திறந்துவிடும். பெனட் அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருந்தான். நான்காவது நொடியில் பதில் வந்தது: ‘பயனர் மறுத்துவிட்டார்.’

பெனட் திரும்பிப் பார்த்தான். பதினோரு பேரும் கட்டிய கையை எடுக்கவில்லை.

“இன்னும் அடிச்சு முடிக்கல போலிருக்கு,” என்றார் சிவதாணு. “அடுத்த மாசம் வந்து பாருங்க தம்பி.”