இடக்கையா, வலக்கையா

“அந்த டெஸ்ட் தப்பாச் சொல்லிடாதுல்ல?”

காலையிலிருந்து அவர் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை பெரிய பேருந்தை ஒடித்துத் திருப்புகிறவர், காப்பிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே அதை ஆற விட்டிருந்தார்.

“போதையத் தொடாத ஆளு எதுக்குங்க பயப்படணும்?”

“பயமெல்லாம் இல்ல. சும்மா கேட்டேன்.” அவள் கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, மூக்கு மருந்துக் குப்பியை எடுத்து உறிஞ்சினார்.

பேருந்து நிறுவனம் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை வைத்ததில், இவர் மட்டும் மாட்டிக்கொண்டார். தூக்கத்தை விரட்டுகிற போதைப்பொருள் இருப்பதாக முடிவு வந்தது. அன்றோடு வண்டியைத் தொட விடவில்லை.

அவள் வேலை பார்ப்பதே பரிசோதனைக் கூடத்தில். இந்த மூக்கு மருந்தை உறிஞ்சினாலும் அதே முடிவு வரும், அப்படி மாட்டிய ஓட்டுநர்கள் உண்டு என்று முன்பே அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதனால், அன்று கொடுத்த அதே சிறுநீருக்குத் தைரியமாக மறுபரிசோதனை கேட்க வைத்தவளும் அவள்தான்.

“அம்மா, அலமாரி எல்லாம் துடைச்சு அடுக்கிட்டேன், ஜன்னலையும் துடைச்சிட்டேன், அடுப்பையும் தேச்சாச்சு, நீ கிளம்பு, எனக்கு இன்னும் படிக்கிறதுக்கு நெறைய இருக்கு.” மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள் மகள். கல்லூரியில் கடைசி வருஷம் என்றாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான். பரீட்சைக்காக ராத்திரி முழுக்கக் கண் விழித்தவள். போகிற போக்கில் அப்பாவின் குப்பியை வாங்கித் தானும் ஒரு இழுப்பு இழுத்தாள். சளி அந்த வீட்டை ஒரு சுற்று வந்திருந்தது.

“சாப்பிட்டியாடி?”

“பசிக்கலம்மா.”

“இந்த வீட்ல பொறுப்பா இருக்கிறது இவ ஒருத்திதான்.” கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் படியிறங்கினாள்.

பரிசோதனைக் கூடத்தில் தலைமை ஆய்வாளரான அம்மாள் அவளைக் கருவியின் பக்கமே அண்ட விடவில்லை. “உன் வீட்டுக்காரர் சாம்பிள். நீ தொட்டா நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. நாற்காலியத் தள்ளிப் போட்டு உக்காந்து பாரு, போதும்.”

கேஸ் கிராமடோகிராஃபி கருவியில் பழைய குழாயைக் கழற்றிவிட்டு அந்த அம்மாள் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார். நூல்கண்டு போலச் சுருட்டி வைத்த மெல்லிய கண்ணாடிக் குழாய். ஆவியான பொருள்களை வாயு அதற்குள் தள்ளிக்கொண்டு போகும். உட்சுவரில் இருக்கும் பூச்சு அவற்றைப் பிடித்துப் பிடித்து விடும். எது பூச்சில் அதிகம் ஒட்டுகிறதோ அது தாமதமாக வெளியே வரும்.

மூக்கு மருந்தும் அந்தப் போதைப்பொருளும் இடக்கையும் வலக்கையும் போல. கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று அச்சு அசல். பழைய பூச்சுக்கு இரண்டும் ஒன்றுதான். திரையில் ஒரே முகடாக வரைந்துவிடும். புதிய பூச்சு கையுறை மாதிரி. எந்தக் கை நுழைகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

முதலில் இரண்டையும் கலந்து செலுத்தினார். திரையில் இரண்டு முகடுகள் தனித்தனியாக எழுந்தன.

“முன்னாடி வர்றது மருந்து, பின்னாடி வர்றது போதை. பாத்துக்கோ.”

அடுத்தது கணவருடைய சாம்பிள். கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது. மருந்து எழ வேண்டிய இடம் வந்தது. கோடு அசையாமல் அதைத் தாண்டிப் போயிற்று.

அவள் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் கோடு விருட்டென்று மேலே ஏறியது.

“போதையேதான்ம்மா” என்றார் தலைமை ஆய்வாளர் மெதுவாக. பிறகு நெற்றியைச் சுருக்கினார். “நாள் பூரா மருந்து உறிஞ்சறாருன்னு சொன்னியே. அது துளிகூடக் காணோமே.”

அவள் காதில் அது ஏறவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார் அவர். “சொல்லு” என்றார்.

“மருந்து இல்ல. போதைதான்.”

அவர் மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இத்தன வருஷம் கூட வாழ்ந்தும் உங்கள எனக்குத் தெரியலியேங்க. உங்கள நம்பித்தானே தினம் அத்தன பேர் ஏறி உக்கார்றாங்க?” அவர் எதிரில் வந்து நின்றாள். “எப்பலேருந்து?”

“தெரியல.”

“தெரியலன்னா என்ன அர்த்தம்?”

“மெதுவாப் பேசு. பாப்பா படிச்சிட்டு இருக்கா.” குரலைத் தாழ்த்தினார். “மூக்கு மருந்தால மாட்டிக்கிட்டவங்க இருக்காங்கன்னு நீதானே சொன்னே. வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன். நான் என்னோடத குடுக்கவே இல்ல.”

அவள் விளங்காமல் பார்த்தாள்.

“சுகர் டெஸ்ட்டுக்குன்னு பொய் சொல்லி வேற ஒருத்தர்கிட்ட வாங்கி, மாத்திக் குடுத்துட்டேன். அதுல போதைன்னு வந்தப்பவும், இதே மூக்கு மருந்தாத்தான் இருக்கும்னு இந்த நிமிஷம் வரைக்கும் நம்பிட்டு இருந்தேன்.”

“யாருகிட்ட வாங்கினீங்க?”

அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

“பாப்பாகிட்ட.”