பொய்யன் கல்

"வந்துட்டாங்கடா நம்ம மகாராணி!" என்றான் மர்செலோ.

லூசிங் அக்கா மலைப்பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தாள். முதுகில் மூங்கில் கூடை, கூடையின் பட்டை நெற்றியில்.

நான் அடுப்பில் சௌசௌ வேகவைத்துக்கொண்டிருந்தேன். பாகியோ நகரத்தில் நான் படிக்கிற கல்லூரிக்கு விடுமுறை. அப்பாவின் சுரங்கத்தில் வேலை செய்கிற மர்செலோவுக்கும் கில்பர்ட்டுக்கும் சமையல் என் பொறுப்பு.

"தங்கமே இல்லாத சுரங்கத்துக்குப் பங்கு கேட்டு வர்ற ஒரே ஆள் இவங்கதான்," என்றான் கில்பர்ட். "மத்த பொம்பளைங்க எல்லாம் மழை ஆரம்பிக்கும்போதே நின்னுட்டாங்க."

எங்கள் மலையில் அது வழக்கம். சுரங்கத்தில் நல்ல கல் விழுந்தால், வாசலில் வந்து நிற்கிற பெண்களுக்கும் ஒரு பங்கு உண்டு. சகாவோக் என்போம். கொடுக்காமல் விட்டால் மலை கோபித்துக்கொண்டு தங்கத்தை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம்.

இப்போது கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை. விழுவதெல்லாம் பொய்யன். கல்லூரியில் அதற்குப் பைரைட் என்று பெயர். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. தங்கத்தைவிடப் பளபளக்கும், வாங்கத்தான் ஆள் இருக்காது.

"பொய்யன் இருக்கற இடத்துல தங்கமும் பக்கத்துலயே இருக்கும்," என்றார் அப்பா. "இன்னும் கொஞ்சம் உள்ளே போனா போதும்."

"அதை என் வயித்துக்கிட்ட சொல்லுங்க, டெல்ஃபின் அண்ணே," என்றான் மர்செலோ.

அரிசி, விளக்கு, வெடி எல்லாம் தருகிறவர் தமியான். ஊருக்குப் போகிற ஜீப்னி வண்டி வந்து நிற்கிற இடத்தில் கடை வைத்திருக்கிறார். தங்கம் கிடைத்தால் அதில் அவருக்குப் பாதி. சனிக்கிழமையோடு அரிசியை நிறுத்தப்போவதாக நேற்றுதான் ஆள் அனுப்பியிருந்தார். அரிசி நின்றால் இவர்கள் இருவரும் கட்டட வேலைக்கு நகரத்துக்குப் போய்விடுவார்கள். அப்பா தனியாக மலையைக் குடைய முடியாது.

லூசிங் அக்கா கூடையை இறக்கினாள். "என்னண்ணே, கல் இருக்கா?"

அப்பாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "வேண்டாம்மா. வெறும் பொய்யன்தான் கிடக்கு."

"இருக்கறதைக் குடுங்க."

மர்செலோ ஒரு துண்டை எடுத்து அவள் எதிரிலேயே சுத்தியலால் அடித்தான். பொறி பறந்தது. கல் நொறுங்கியது.

"பாத்தியாக்கா? தங்கம்னா நசுங்கும். இது உதிருது. மோந்து பாரு, தீக்குச்சி உரசின நாத்தம்!"

"நான் மோந்து பாக்கவா மலையேறி வந்தேன்? அந்தப் பெரிய கட்டியா எடுத்துப் போடு."

"அக்கா, பொய்யன் சும்மா கல்லு மாதிரி இல்ல. ரெண்டு மடங்கு கனம். இடுப்பு போயிடும்."

"என் இடுப்பை நான் பாத்துக்கறேன். நீ உன் வாயைப் பாத்துக்கோ."

கூடை நிறைந்தது. நல்ல கல் கொண்டுபோகிறவர்கள் செய்வதுபோலவே சேம்பிலையைப் பறித்து மேலே பரப்பி மூடினாள்.

"பொய்யனுக்குப் போர்வை வேறயா!" கில்பர்ட் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவள் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். உடம்பு வளைந்து, மூக்கு முழங்காலைத் தொட்டுவிடும்போல் இருந்தது. அப்படியே இறங்கிப் போனாள்.

"ஆசைக்கு ஒரு அளவு வேணாமா?" என்றான் மர்செலோ. "நாளைக்குக் கல்லை அரைச்சுத் தங்கம் எடுக்கற மில்லுல போய் நின்னு அவமானப்படப் போகுது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சனிக்கிழமை வந்தது. கூடவே தமியானின் ஆளும் வந்தான். தோளிலிருந்து அரிசி மூட்டையை இறக்கினான். கருவாடும் இருந்தது, வெடியும் இருந்தது.

"முதலாளி தொடர்ந்து தோண்டச் சொன்னாரு."

"நிறுத்தறேன்னாரே?" அப்பாவுக்கு நம்ப முடியவில்லை.

"அது அப்போ. அடுத்த மாசமும் அரிசி உண்டுன்னாரு."

அப்பா ஒரு மடக்கு ஜின்னை மண்ணில் ஊற்றி மலைக்கு நன்றி சொன்னார். நகரத்துக்குப் போக மூட்டை கட்டியிருந்த மர்செலோ அதைப் பிரித்துவிட்டுச் சுத்தியலோடு உள்ளே போனான். அப்பா கருவாட்டில் கொஞ்சம் என் கையில் கொடுத்தார்.

"லூசிங்குக்குக் குடுத்துட்டு வா. பாவம், கல்லைச் சுமந்ததுதான் மிச்சம்."

குறுக்குப் பாதையில் இறங்கினால் அவள் வீடு பக்கம்தான். அவள் பின்கட்டில் பன்றிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். பட்டிக்குப் பக்கத்தில் ஒரு குவியல். எல்லாம் எங்கள் சுரங்கத்துப் பொய்யன். அடியில் கிடந்தவை மழையில் நனைந்து துருவேறியிருந்தன. ஒன்றுகூட மில்லுக்குப் போகவில்லை.

"அக்கா... இதை நீங்க அரைக்கவே இல்லையா?"

"பொய்யனை அரைச்சா கறுப்புத் தூள்தான் வரும். அதுகூட எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா இவ்வளவு கனத்தைச் சுமந்துக்கிட்டு வந்தீங்க?"

அக்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கருவாட்டை வாங்கினாள்.

"உங்க அப்பா சுரங்கத்துல தங்கம் விழுந்தப்போ என் பிள்ளைங்களும் சாப்பிட்டாங்க பாப்பா. சகாவோக் கேட்டு ஒரு பொம்பளையாவது போற சுரங்கத்துக்கு எந்தக் கடைக்காரனும் அரிசியை நிறுத்த மாட்டான். அதான் குறுக்குப் பாதையை விட்டுட்டு, தமியான் கடை வாசல் வழியா சுத்திக்கிட்டு வர்றேன். 'என்ன லூசிங், டெல்ஃபின் சுரங்கத்துக் கூடை ரொம்பக் கனமோ'ன்னு கேட்டான். ஆமான்னேன். பொய்யா சொன்னேன்?"