விரலில் புகை வாசம்

“இன்னிக்கும் சிகரெட் பிடிச்சிட்டுத்தானே வந்திருக்கீங்க?”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

“இல்லம்மா. பதினஞ்சு நாளா ஒரு இழுப்புகூட இழுக்கல.”

“அதான் கையே சொல்லுதே.”

காந்த மெஷினை இயக்கும் அவளுக்குப் புகை என்றாலே மண்டையிடி. பொய் என்றால் அதைவிட. போர்முனையிலிருந்து திரும்பியவர்களைக் கெட்ட கனவும் நடுக்கமும் விடுவதில்லை. அதை அடக்க இவர்கள் ஊதித் தள்ளுகிறார்கள். தலையில் காந்தம் வைத்து அந்தப் புகை ஏக்கத்தைத் தணிக்க இருபது நாள் சிகிச்சை. மீசைக்காரருக்கு இன்னும் ஐந்து நாள் பாக்கி.

மெஷின் டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தாலே அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடியைப் பற்றிக்கொள்வார். துப்பாக்கிச் சத்தம் மாதிரி இருக்கிறதாம். இவ்வளவு பாடும் பட்டுவிட்டு வாசலுக்குப் போனதும் பற்றவைத்தால் என்ன பிரயோஜனம்?

“வெளியில பன்னெண்டு பேர் காத்திருக்காங்க. மறுபடி வாசம் வந்தா உங்க பேரை அடிச்சிடுவேன்.”

“அப்படிச் செஞ்சிடாதீங்கம்மா. இப்பதான் மனுஷனா இருக்கேன். எம் பொண்ணு பக்கத்துல வந்து உக்கார்றா.”

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் ஜன்னல் வழியே பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. பின்வாசல் பெஞ்சில் மீசைக்காரர். கையில் லைட்டர்.

கையும் களவுமாகப் பிடிக்க விடுவிடுவென்று இறங்கிப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சிகரெட் மீசைக்காரர் வாயில் இல்லை. பக்கத்தில் இருந்தவர் வாயில் இருந்தது. அவருடைய சட்டையின் வெற்றுக் கை இரண்டும் தோளோடு மடித்து ஊக்கு குத்தப்பட்டிருந்தன.

“ரெண்டு பேரும் ஒரே பட்டாளம்மா,” என்றார் மீசைக்காரர், திருடன் மாதிரி விழித்துக்கொண்டு. “நான் பிடிச்சாத்தான் இவன் இழுக்க முடியும். சொன்னா, இவன்கூட சேராதீங்கன்னு சொல்லிடுவீங்க.”

சொல்லியிருப்பாள்தான்.

“அப்ப இவரையும் சிகிச்சைக்குச் சேர்த்துவிட வேண்டியதுதானே?”

புகைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். மீசைக்காரர் சிகரெட்டை எடுத்துப் பிடித்துக்கொண்டதும் பேசினார்.

“ஃபோன் பண்ணேனேம்மா. தலைக்குள்ள குண்டுச் சில்லு இருக்குன்னேன். அப்ப காந்தம் ஆகாது, வராதீங்கன்னு ஃபோனை வச்சிட்டீங்க. சரி, ஒருத்தனாவது பொழைக்கட்டும்னு நாந்தான் இவனைப் பிடிச்சு உங்ககிட்ட தள்ளிவிட்டேன்.”

அந்தக் குரல் அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அரை நிமிஷம்கூட அவள் பேசவில்லை.

மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தாள். மீசைக்காரரிடம் கையை நீட்டினாள்.

“அதை இங்க குடுங்க. நீங்க போய்க் கை கழுவிட்டு வீட்டுக்குப் போங்க. மிச்சம் அஞ்சு நாளும் இவருக்கு நான் பிடிச்சுக்கறேன்.”