மச்சான் கேட்ட டிராக்டர்

வேம்புலி சாவியைத் திருப்பினார். டிராக்டர் ‘டிக்’ என்றது. அதற்கு மேல் ஒரு பேச்சும் இல்லை.

"நேத்து சாயங்காலம் கூட நல்லாதான ஓடிச்சு" என்று முனகினார்.

பக்கத்தில் கூலிங் கிளாஸோடு நின்றிருந்தான் மனைவி ராஜம்மாவின் தம்பி செல்வகுமார். முகப்பேரில் நண்பனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டிராக்டரில்தான் மண்டபத்துக்குள் நுழைவானாம். அக்காவுக்கு முந்தாநாளே போனில் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துப்போக செம்பரம்பாக்கம் வந்து இறங்கிவிட்டான்.

"ரெண்டே நாள் மாமா."

போன தடவையும் ரெண்டே நாள்தான் சொன்னான். பதினோராவது நாள் திரும்பி வந்த வண்டியில் ஒரு ஹெட்லைட்டைக் காணோம். அதற்காக, பெண்டாட்டியின் தம்பியிடம் முடியாது என்று சொல்ல முடியுமா? ஆனால் நாளைக்கு மாங்காட்டில் பத்து நடை செங்கல் இறக்கியாக வேண்டும். தவறினால் மேஸ்திரி இனி வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்வார்.

"என் தம்பி வாயத் தொறந்து ஒண்ணு கேட்டான். இன்னிக்குன்னு பாத்து மக்கர் பண்ணுதா உன் வண்டி?" என்று புருஷனை வறுத்தெடுத்தாள் ராஜம்மா. அவளே மெக்கானிக் மஸூத்துக்குப் போனும் போட்டாள்.

பூந்தமல்லியில் கடை வைத்திருக்கும் மஸூத், பக்கத்துத் தெருவிலேயே காத்திருந்தவன் மாதிரி ரெண்டாவது நிமிஷமே பைக்கில் வந்து இறங்கினான். பேட்டரி முனையைச் சுரண்டினான், வெந்நீர் ஊற்றிக் கழுவினான், ஒயர் ஒயராகத் தடவினான். கடைசியில் உதட்டைப் பிதுக்கினான்.

"செல்ஃப் மோட்டார் காலி அண்ணாத்தே. சாமான் வர நாலு நாள் ஆவும்."

"தள்ளி ஸ்டார்ட் பண்ணா?" செல்வகுமார் விடுவதாக இல்லை.

"பண்ணலாம். வழியில பொகை வந்துச்சுன்னா மாப்பிள்ளைய மட்டும் எறக்கி உட்ருங்க."

செல்வகுமாருக்கு முகம் செத்துவிட்டது. "குதிரை வண்டி கெடைக்குதா பாக்கறேன்" என்று கிளம்பினான்.

"ஒரு வாய் சாப்புடாம போறியேடா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தெருமுனை வரை போய் வழியனுப்பினாள் ராஜம்மா.

வேம்புலி டிரெய்லரில் சாய்ந்து உட்கார்ந்தார். மச்சானிடம் தப்பித்த சந்தோஷம்கூட வரவில்லை. செங்கல் நடை போச்சே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாலு நாளா மஸூத்து? மேஸ்திரிக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

மஸூத் ஸ்பேனரைக் கையில் எடுத்தான். தெருமுனையிலிருந்து திரும்பி வந்த ராஜம்மாவைப் பார்த்துக் கேட்டான்.

"அக்கா, நேத்து ராத்திரி நீ கழட்டச் சொன்ன ஒயரை இப்ப மாட்டிடட்டா?"