மேனேஜர் அறை

குன்னூர்ப் பக்கம் மூடிக்கிடந்த தேயிலை ஃபேக்டரியை அருங்காட்சியகமாக மாற்றப்போகிறார்கள். ஆலோசனை சொல்ல வந்த சபாபதி, முதல் வேலையாக வரைபடத்தின் மேல் டீயைக் கொட்டினார். இருபது வருடம் அங்கே மேனேஜராக இருந்தவர் கைநடுக்கத்தை ஒப்புக்கொள்வாரா? பழியைக் கப்பின் மேல் போட்டார். டீயோ சரியாக அவருடைய பழைய அறையின் மேல் பரவி, அங்கிருந்த எழுத்தை அழித்துவிட்டது.

“ஏம்மா, என்ர ரூமுல என்ன வெக்கப்போறீங்க?”

இன்ஜினியர் தேவகி ஈரத்தை ஒற்றி எடுத்தாள். “கட்டடத்துலயே முக்கியமான எடமுங்க சார் அது. வர்ற பொம்பளைங்க அங்க போகாமத் திரும்ப மாட்டாங்க.”

சபாபதி மனத்துக்குள்ளேயே தன் சிலையைத் திறந்துவைத்து, மாலையும் போட்டுக்கொண்டார்.

“அப்பவும் பொம்பளையாளுக என்ர ரூமு வாசல்ல வரிசையாத்தான் நிப்பாங்க. சாவி என்ர மேசையிலதான இருக்கும்?”

“தெரியுமுங்க. இனியும் வரிசையாத்தான் நிப்பாங்க.”

“சுத்தி வளைக்காமச் சொல்லும்மா. சிலையா, போட்டோவா?”

தேவகி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“பொம்பளைங்க கக்கூசுங்க சார். இங்க தேயிலை சலிச்ச தாயம்மாளோட மக நான். என்னைய வயித்துல வெச்சுக்கிட்டு, கக்கூசு சாவி கேட்டு எங்கம்மா உங்க முன்னால நின்னுச்சு. சங்கு ஊதட்டும்னு சொன்னீங்க. நின்ன எடத்துலயே சேலை நனைஞ்சுபோச்சு. அந்த எடத்துலதான் கட்டறனுங்க. வெளிப்பூட்டு வெக்கல.”