திங்களும் வியாழனும்

ஜெஸீம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவருக்கு மிகுந்த திருப்தி.

கல்முனை பஸாரில் புடைவைக் கடை வைத்திருக்கிறார். எடை தொண்ணூற்றெட்டுக் கிலோ. சீனி ஏறிக்கொண்டே போகிறது, மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறையாவிட்டால் தினமும் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஊசி என்றால் ஜெஸீமுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர் போய்விடும்.

வழியையும் டொக்டரே சொன்னார். கிழமையில் இரண்டு நாள் பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும். இரவு எட்டு மணிக்கு ஒரே ஒரு சாப்பாடு.

முன்பொரு தடவை 'டயட்' என்று ஊரெல்லாம் சொல்லித்தான் தொடங்கினார். பஸார் விடுமா? எதிர் ஹோட்டல் பளீல் பால் தேத்தண்ணியும் வடையும் அனுப்பி, ஒரு வடையில் என்ன வந்துவிடப் போகிறது என்றார். பக்கத்துக் கடைக்காரர் சுடச்சுட ரோல்ஸ் நீட்டினார். இரண்டு வாரம் கழித்து நிறுத்துப் பார்த்தபோது ஒரு கிலோ கூடியிருந்தது.

இந்தத் தடவை திங்களையும் வியாழனையும் தெரிந்தெடுத்தார். மார்க்கப் பற்றுள்ளவர்கள் நபிவழி என்று சுன்னத்தான நோன்பு பிடிக்கிற நாட்கள். முதல் திங்கள் தேத்தண்ணியோடு வந்த பளீலைக் கையால் மறித்தார்.

"என்ன காக்கா, நோன்பா?"

ஜெஸீம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மெல்லச் சிரித்தார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பஸாரே அவருக்கு ஒத்தாசை. பளீல் அந்த இரண்டு நாளும் தேத்தண்ணி அனுப்புவதில்லை. ரோல்ஸ்காரர் அவரைக் கண்டதும் வாயைத் துடைத்துக்கொண்டார். ஒரு தகப்பன் தன் மகனைக் கடை வாசலில் நிறுத்தி, ஜெஸீம் காக்காவைப் பார்த்துப் படி என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். ஜெஸீம் உள்ளறைக்குள் போய், நோன்பாளி தொடக்கூடாத தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்து, நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தார். நான் என்ன பொய்யா சொன்னேன்?

கடை வாசலில் பதினெட்டு வருடமாகத் தையல் மெசின் போட்டிருக்கும் தம்பிமுத்து மட்டும் எதுவும் கதைக்கவில்லை. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பு ஆள், ஜெஸீமைவிடப் பத்து வயது மூப்பு. குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் முடிந்தது. தராசு எண்பத்தேழு காட்டியது. சீனியும் இறங்கிவிட்டது, ஊசி தேவையில்லை என்றார் டொக்டர். ஜெஸீம் பஸாருக்குள் மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். எல்லாம் நோன்பின் பறக்கத்து என்று பளீல் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெஸீம் இறைவனைப் புகழ்ந்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். அதுவும் பொய்யில்லை.

கடையில் தம்பிமுத்து இல்லை, நூல் வாங்கப் போயிருந்தார். அவருடைய மனைவி தங்கரத்தினம்தான் காத்துக்கொண்டு நின்றாள். முகம் நல்லாயில்லை.

"முதலாளி, நீங்கதான் இந்த மனிசனுக்குச் சொல்ல வேணும். திங்களும் வியாழனும் கட்டிக் குடுக்கிற சோறு அப்பிடியே திரும்பி வருது. மூணு மாசமா இதே கூத்துத்தான். கேட்டா, முதலாளி நோன்போட இரிக்கக்குள்ள பக்கத்தில இருந்து நான் எப்பிடிச் சாப்பிடுற எண்டு கேக்கார். எலும்பும் தோலுமாப் போயிட்டார்."

ஜெஸீம், சொல்கிறேன் அக்கா என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அவள் போனபிறகுதான் அவருக்குக் கணக்குப் புரிந்தது. குறைக்க வேண்டிய உடம்பு தன்னுடையது. ஏற்கெனவே ஒட்டி உலர்ந்த மனிதன், ஜெஸீம் பிடித்தேயிராத நோன்புக்காக இருபத்தாறு நாள் பட்டினி கிடந்திருக்கிறார். ஒரு சிரிப்புக்கு இவ்வளவு விலையா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

தம்பிமுத்து நூல் பையோடு வந்து மெசினில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர்கள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் ஜெஸீம் போய் அவருக்கு முன்னால் நின்றார்.

"அண்ணே, என்ன மன்னிச்சிருங்க. நான் பிடிச்சது நோன்பில்ல. உடம்பு குறைக்கத்தான் பட்டினி கிடந்த நான்."

தம்பிமுத்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும்."

"தெரியுமா? எப்ப?"

"முதல் நாளே. நோன்பு பிடிச்ச ஆள், பொழுதுபடப் பள்ளியில மஃரிபுக்கு வாங்கு சொன்னா, நோன்பு திறக்க உடனே தண்ணிக்குக் கை நீட்டும். நீங்க வாங்கு முடிஞ்ச பிறகும் துணி மடிச்சிக்கிட்டு நிண்டீங்க."

கடைக்குள் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஜெஸீம் அதைப் பொருட்படுத்தவில்லை.

"பிறகும் என்னத்துக்கு அண்ணே நீங்க சாப்பிடாமக் கிடந்த?"

தம்பிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"நோன்பு எண்டா உங்களுக்கு அல்லாஹ் துணை இருப்பான். இது வெறும் பட்டினி எண்டு தெரிஞ்ச பிறகு, ஆராவது ஒரு மனிசன் துணை இரிக்க வேணாமா முதலாளி?"