மன்னூபியாவின் மல்லிகை

"உன் வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆம்பளய இந்த மஹ்தியாவுல பார்த்ததில்லக்கா. பொண்டாட்டிக்கே தண்ணி மொண்டு தராத ஊர்ல, செடிக்கு ஊத்திட்டுத்தான் படகுக்குப் போறாரு!"

பக்கத்து வீட்டு சைதா சொன்னதும் மன்னூபியாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. முற்றத்துத் தொட்டியில் மல்லிகையின் இலை ஓரமெல்லாம் மறுபடியும் கருகியிருந்தது.

அவளும் செய்யாத வைத்தியம் இல்லை. கொதித்த தேயிலையைச் சர்க்கரை போக அலசிப் போட்டாள். முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவினாள், வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றினாள். செடி துளிர்க்கும், அரும்பு கட்டும், பூக்கும் முன்னே கருகிவிடும்.

மகன் ஐமன் நட்ட செடி அது. "இது பூக்கிறப்ப வந்துருவேம்மா. துறையிலயே நில்லு" என்று சொல்லிவிட்டு, திருட்டுப் படகில் இத்தாலிக்குக் கிளம்பினான். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. இவள் மட்டும் நம்பிக்கையை விடவில்லை.

"போறவன் எனக்குப் பிள்ளையே இல்ல" என்று அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவள் கணவர் கமைஸ். குளிர்காலத்தில் வலை வாங்கத் தெற்குக் கடற்கரை ஊரான ஜர்ஸீஸுக்குப் போனவர், வெறுங்கையோடு திரும்பிக் காய்ச்சலில் படுத்தார். எழுந்த நாள் முதல் செடிக்குத் தண்ணீர் அவர்தான் ஊற்றினார். கல்லும் கரைந்ததே என்று மன்னூபியா மகிழ்ந்துபோனாள்.

"மேல்மண்ண மாத்திப் பாருக்கா" என்றாள் சைதா.

மன்னூபியா மண்ணைக் கிளறினாள். மேலே வெள்ளையாகப் படிந்திருந்ததை இத்தனை நாளும் முட்டை ஓட்டுத் தூள் என்றே நினைத்திருந்தாள். ஏதோ சந்தேகம் வந்து நாக்கில் வைத்தாள். கரித்தது.

மீன் கூடையோடு கமைஸ் உள்ளே வந்ததும் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"உப்பக் கரைச்சா ஊத்தினீங்க? பெத்த பிள்ள மேல அப்படி என்னங்க வன்மம்? அவன் வரவே கூடாதா?"

கமைஸ் கூடையை இறக்கினார். அவருக்கு வாய் கோணி அழுகை வந்தது.

"பூத்துட்டா நீ துறையில போய் நிப்பே. எத்தன நாள் நிப்பே மன்னூபியா? நான் ஜர்ஸீஸுக்கு வலை வாங்கவா போனேன்?"

"பின்ன?"

"அங்க கரை ஒதுங்கின நம்ம பிள்ளய அடக்கம் பண்ணப் போனேன்."